கட்டைப் பிரித்தால் கழித்தல் வரும்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய கூனங்குப்பத்திலோ அரங்கங்குப்பத்திலோ ஓர் அடுக்களையை நினைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போக முடியாத மழை நாட்களுக்கென்று வாளைக் கருவாடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பத்துக் கருவாட்டைச் சேர்த்துக் கட்டினால் ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் ஓர் ஓலைக்கூடை. கட்டில் சேராமல் மிஞ்சியது உதிரி. எந்த வீட்டிலும் இவ்வளவு ஒழுங்காக எண்ணிக் கட்ட மாட்டார்கள்தான். கணக்குக்காகக் கட்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

வீட்டில் இருப்பது 5 கட்டும் 2 உதிரியும். அதாவது 52. பொன்னேரியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு 28 கொடுத்தனுப்ப வேண்டும்: 2 கட்டு, 8 உதிரி.

“உதிரியா எட்டு இல்லியே ஆயா, ரெண்டுதான் கீது.”

“கட்டைப் பிரிடா.”

ஆயா சொன்னதில் முழுப் பாடமும் அடங்கிவிட்டது. ஒரு கட்டைப் பிரித்ததும் 4 கட்டு, 12 உதிரி. வீட்டில் இருக்கும் கருவாடு எத்தனை? அதே 52. ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. வைத்திருக்கும் விதம்தான் மாறியது. இனி 12 உதிரியில் 8 போனால் 4, 4 கட்டில் 2 போனால் 2. மீதி 24.

நோட்டில் 5-ஐ அடித்துவிட்டு மேலே 4 என்று எழுதுகிறோமே, பக்கத்தில் இருக்கும் 2-க்கு முன்னால் ஒரு 1 போட்டு 12 ஆக்குகிறோமே, அதெல்லாம் கட்டைப் பிரித்ததற்கான குறிப்பு. பிரித்த அனுபவம் இல்லாத குழந்தைக்கு அது வெறும் கிறுக்கல். “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்று டீச்சர் சொன்னதை அது மனப்பாடம் செய்துகொள்ளும். வாங்கியது 1 என்கிறார்கள், வந்து சேர்ந்தது 10 ஆக இருக்கிறதே என்று கேட்கத் தோன்றினாலும் கேட்காது.

வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதையும் பலர் வேதவாக்காகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை. முதலில் 2 கட்டை எடுத்துக் கொடுங்கள். 3 கட்டு மீதி. பிறகு உதிரி போதாமல் ஒன்றைப் பிரித்தால் 2 கட்டு. விடை அதேதான். ஆனால் முதலில் எழுதிய 3-ஐ அடித்துவிட்டு 2 என்று எழுத வேண்டிவரும். அந்தத் திருத்தம் வேண்டாம் என்றுதான் உதிரியிலிருந்து தொடங்குகிறோம்.

தவறு எங்கே நுழைகிறது? 52-லிருந்து 28-ஐக் கழி என்றால் ஏராளமான பிள்ளைகள் 36 என்று எழுதும். 2-லிருந்து 8 போகாது, ஆகவே 8-லிருந்து 2-ஐக் கழித்துவிடும். இது கவனக்குறைவு அல்ல. 1978-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் விடைகளை ஆராய்ந்து காட்டியது இதைத்தான்: பல பிள்ளைகள் மனம்போனபடி தப்புச் செய்வதில்லை, ஒரு தப்பான விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் அந்த விதி மாறாது. “எட்டு உதிரியை எங்கேயிருந்து எடுத்துக் கொடுத்தாய்?” என்று கேட்டால் மாறும்.

உண்மையான சோதனை பூஜ்ஜியத்தில்தான். 403-லிருந்து 178 கொடுக்க வேண்டும். இருப்பது 4 கூடை, 3 உதிரி. நடுவில் கட்டே கிடையாது. (பழைய தமிழ் எண் எழுத்தில் இது ௪௱௩. இல்லாத பத்துக்கு அங்கே இடமே ஒதுக்கவில்லை. நாம் ஒரு 0 போட்டு அந்த இடத்தைக் காக்கிறோம்.) 8 உதிரி வேண்டும், பிரிக்கக் கட்டு இல்லை. ஆகவே ஒரு கூடையைக் கொட்ட வேண்டும்: 3 கூடை, 10 கட்டு. அந்தப் பத்தில் ஒன்றைப் பிரித்தால் 9 கட்டு, 13 உதிரி. நோட்டில் 0-வுக்கு மேலே திடீரென்று முளைக்கும் அந்த 9 இதுதான். 13-இல் 8 போக 5, 9-இல் 7 போக 2, 3-இல் 1 போக 2. விடை 225.

இரண்டாவது பிரிப்பை எழுத மறந்து, 10 கட்டை அப்படியே விட்டுவிடும் குழந்தைக்கு 235 வரும். 235-உடன் 178-ஐக் கூட்டிப் பார்த்தால் 413. இல்லாத பத்துக் கருவாடு எங்கிருந்தோ வீட்டுக்குள் வந்துவிட்டது. பிழையைப் பிடிக்க இந்தக் கூட்டலே போதும், விடைப் புத்தகம் தேவையில்லை.

இந்தக் குப்பங்களில் மீன் விற்கும் பெண்கள் யாரும் இப்படி அடித்து எழுதிக் கழிப்பதில்லை. 278 ரூபாய் மீனுக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டினால், 280-க்கு இரண்டு, 300-க்கு இருபது, 500-க்கு இருநூறு என்று ஏற்றிக்கொண்டே போய் 222-ஐக் கையில் வைப்பார்கள். அருமையான முறை. ஆனால் சந்தையில் வரும் கணக்கு தானாக நோட்டுக்கு வந்துவிடாது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2025-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் வியாபாரக் கணக்கை மனத்திலேயே போட்டார்கள்; அதையே பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நேர் எதிர். இரண்டுக்கும் நடுவே பாலம் போட வேண்டியது நாம்தான். ஏரிக்கரைப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இது ஒரு மூலையில் நடக்கும் சிக்கலும் அல்ல. பிரதம் அமைப்பின் அசர் ஆய்வில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுவது இதே ஈரிலக்கக் கழித்தல்தான், கடன் வாங்கிச் செய்வது. 2024-இல் நாடு முழுவதும் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைச் செய்ய முடிந்தவர்கள் 33.7 சதவீதம். 2022-இல் 25.9.

வீட்டில் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வைக்காதீர்கள். 1000-லிருந்து 1-ஐ நோட்டில் அடித்து எழுதிக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 999 என்று உடனே வந்துவிடும். அதோடு விடாமல், அந்த மூன்று 9-உம் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள்.