காஸ்ட்லி இயர்போன்... காசுக்கேற்ற சத்தமா?

ஐந்நூறு ரூபாய்க்கும் இயர்போன் கிடைக்கிறது, இருபத்தைந்தாயிரத்துக்கும் கிடைக்கிறது. கம்மாபுரத்திலிருந்து நெய்வேலிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று. 'நல்லதா வாங்கணும்னா காஸ்ட்லியாத்தான் வாங்கணும்' என்று பிள்ளை அடம்பிடிக்கிறதா? பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

விலைக்கும் ஒலிக்கும் என்ன உறவு?

யெரூன் பிரேபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து, 2017-ல் முடிவை வெளியிட்டார். காதுக்குள் செருகுவதும் அதில் உண்டு. தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எதை எந்த அளவில் தருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அந்த முடிவு. கூடுதல் காசுக்கு உறுதியான உடல், நல்ல பேட்டரி, கூடுதல் வசதிகள் கிடைக்கலாம். இனிய இசைக்கு உத்தரவாதம் கிடையாது.

'40,000 ஹெர்ட்ஸ்' யாருக்கு?

மனிதக் காது கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். வயது ஏற ஏற அந்த உச்சமும் இறங்கும். 40,000 ஹெர்ட்ஸ் வௌவாலுக்குக் கேட்கும், நமக்குக் கேட்காது. பல வருடம் இயந்திர இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளே முதலில் மங்கத் தொடங்கும். அவர்களுக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

அட்டைப்பெட்டியில் கவனிக்க...

* இ.என்.சி. என்றால், பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சல் குறையும். உங்கள் காதுக்கு இரைச்சலைக் குறைப்பது ஏ.என்.சி. இரண்டும் ஒன்றல்ல.

* '50 மணி நேரம்' என்பது பெரும்பாலும் சார்ஜிங் பெட்டியையும் சேர்த்த கணக்கு. ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

* ஐ.பி.எக்ஸ்.4 என்றால் வியர்வை, சாரல் தாங்கும். தண்ணீரில் முக்கக் கூடாது.

பேஸ் சரியாகக் கேட்கவில்லையா? முதலில் முனையிலுள்ள சிலிக்கான் ரப்பரை மாற்றிப் பாருங்கள். காதில் இடைவெளி இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த இயர்போனிலும் பேஸ் கசிந்துவிடும். பெட்டியிலேயே இரண்டு மூன்று அளவுகளில் ரப்பர் வரும்.

விளம்பரத்தில் சொன்னது பொருளில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

எந்த விலை என்றாலும் சத்தத்தில் கவனம் தேவை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழுதான இயர்போனுக்குப் பதில் வேறு வாங்கலாம். இரைச்சலால் பழுதான செவித்திறன் திரும்பி வராது.