எழுத்துக் குவியலும் இலக்கியமும்

நம் சபைகளின் அருளுரைகளில் அடிக்கடி எழும் வாதம் ஒன்றுண்டு. எழுத்துகளை அள்ளி வீசினால் காவியம் உண்டாகுமோ? உண்டாகாதெனில் இவ்வுலகம் தற்செயலாய் உண்டாயிற்று என்பது எங்ஙனம்? இவ்வாதம் கிறிஸ்தவர் கண்டதன்று. கி.மு. 45-ஐ ஒட்டிச் சிசரோ எழுதிய உரையாடல் நூலில், ஸ்தோயிக்கர் தரப்பினனான பால்பஸ் இதனையே கேட்கிறான். எழுத்துகளுக்குப் பதில் குரங்கையும் தட்டச்சுப் பொறியையும் புகுத்தியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் எமில் பொரெல், ஆண்டு 1913.

தமிழில் கணக்கிட்டுப் பார்ப்போம். பரமத்தி வேலூரில் தட்டச்சுப் பயிலகம் ஒன்றில் குரங்கொன்றை அமர்த்துவதாகக் கொள்வோம். (வாழைத்தார் மலிந்த ஊரில் அது பொறியின் முன் அமருமா என்பது வேறு வினா.) உண்மைப் பொறியில் கொம்பும் காலும் தனி விசைகள், எளிமை கருதி 247 எழுத்துக்கும் ஒவ்வொரு விசை என்போம். 'கடவுள்' என்னும் சொல்லில் நான்கு எழுத்துகள். 247-ஐ நான்கு முறை பெருக்கினால் ஏறத்தாழ 372 கோடி. நொடிக்கு ஓர் எழுத்தாக இரவும் பகலும் தட்டினால், அவ்வொரு சொல் தோன்றச் சராசரியாக 118 ஆண்டுகள் ஆகும். திருக்குறளின் முதற் குறளில் ஒற்றும் சேர்த்து 26 எழுத்துகள். அதற்குரிய எண் 63 இலக்கங்கள் கொண்டது. பேரண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள் என்பர். அதனை நொடிகளாக்கினாலும் 18 இலக்கங்களே வரும். முடிவிலாக் காலம் தரப்பட்டால் குறள் தோன்றுவது உறுதி என்று கணிதம் கூறுவது மெய்யே. அத்தகைய காலம் எவரிடமும் இல்லை.

இங்கிலாந்தின் பெயின்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 2002-இல் ஆறு குரங்குகளிடம் கணிப்பொறியைச் சில வாரங்கள் விட்டுவைத்தனர். கிடைத்தவை ஐந்து பக்கங்கள். பெரும்பாலும் ஒரே எழுத்து. ஒன்று பொறியைக் கல்லால் அடித்தது.

இதுவரை பால்பஸ் வென்றான் எனலாம். ஆயினும் உயிரினத் தோற்றத்துக்கு இதனைப் பொருத்துகையில் வாதம் சறுக்குகிறது. பரிணாமக் கொள்கையினர் கூறுவது வெறுந் தற்செயலன்று; தற்செயலான மாற்றமும் அதன்மேல் நிகழும் தெரிவும் ஆகும். ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1986-இல் வெளியிட்ட நூலில், ஹாம்லெட் நாடகத்தின் 28 எழுத்துத் தொடரொன்றைக் கணிப்பொறியில் இவ்வாறு பெற்றுக் காட்டினார். தொடரைத் தற்செயற் பிழைகளோடு பல படிகளாகப் பெருக்கி, அவற்றுள் இலக்கை மிகுதியும் ஒத்ததையே அடுத்த தலைமுறைக்குத் தெரிந்தெடுத்தபோது 41 முதல் 64 தலைமுறைகளில் தொடர் வந்துவிட்டது. இலக்கு முன்னரே வகுக்கப்பட்டிருந்தது என்பது இவ்வெடுத்துக்காட்டின் குறை. அதனை அவரே ஒப்புகிறார். எனினும் தெரிவின் ஆற்றல் விளங்குகிறது.

மூலபாட ஆய்வு பயிலும் நம் மாணவருக்கு இது புதிதன்று. ஏடு பெயர்த்தெழுதுவோரின் பிழைகள் தற்செயலாய் விழுபவை. பெரும்பாலானவை கழிந்துபோக, சில மட்டும் பாடபேதமாய்ப் படிகளில் நிலைக்கின்றன.

ஆகவே, குரங்கு வாதத்தை விசுவாசத்துக்கு முட்டாகக் கொடுத்தல் தகாது என்பது நம் கருத்து. பரமத்தி வேலூரின் வெற்றிலைக் கொடிக்காலில் உழைக்கும் பெற்றோரின் பிள்ளை கல்லூரிக்குச் சென்று முதலாண்டு உயிரியல் படிக்கையில், அம்முட்டு முறிவதைக் காண்கிறான். முறிந்தது வாதமா விசுவாசமா என்று பகுத்துக்காட்ட அங்கே போதகர் இல்லை.

மேலும், தற்செயலைக் கடவுளின் எதிரியாக நிறுத்துவது திருமறையின் வழக்கன்று. மத்தியாவை அப்போஸ்தலனாகத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டோர், முதலில் ஜெபித்தனர். பின்னர் சீட்டு விழுந்தபடி ஏற்றனர். சீட்டு எவர்மீதும் விழக்கூடும் என்பதை அவர்கள் நன்கறிவர். விழும் சீட்டுக்குப் பின்னும் ஆண்டவரின் கரம் உண்டு என்பதே அவர்களது துணிபு. இத்துணிபை 63 இலக்க எண்ணைக்கொண்டு நிறுவவும் இயலாது, தகர்க்கவும் இயலாது.