நூறு ரூபாய்ச் சீட்டும் இரண்டாயிரம் ரூபாய்த் தரகும்

பட்டுக்கோட்டையிலே தேங்காய்க்குப் பஞ்சமில்லை. உழைக்கும் கைக்கும் பஞ்சமில்லை. தேங்காயை உடைத்து, கொப்பரையாகக் காயவைத்து, செக்கிலிட்டு ஆட்டி, எண்ணெயாக்கி விற்பவனுக்குத்தான் பஞ்சம். பணப் பஞ்சம் மட்டுமல்ல தோழர்களே, "இன்னின்ன சீட்டு வாங்கினால் போதும், அச்சமின்றித் தொழில் நடத்தலாம்" என்று எடுத்துச் சொல்லும் வாய்க்குப் பஞ்சம்!

தென்னங்கன்றைப் 'பிள்ளை' என்று அழைக்கும் சீமை இது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் ஆண்டாண்டு காலமாக வளர்த்த பிள்ளைகள் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. அப்படித் தோப்பிழந்தவர்களில் ஓர் அண்ணன், மிஞ்சிய காசைத் திரட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, ஊருக்குள்ளே ஒரு சிறு செக்கு போட்டார். பெயர் வேண்டாம், அவரைப் போல ஊருக்கு நூறு பேர். கல்லாவில் அண்ணியார், செக்கடியில் இரண்டு தொழிலாளர். இதுதான் அவருடைய 'தொழிற்சாலை'!

2023-இல் ஒருநாள் அவர் கடையில் எண்ணெய் வாங்கப் போயிருந்தேன். சுவரிலே சட்டம் போட்டு ஒரு காகிதம் மாட்டியிருந்தார். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று.

"இது எடுக்க எவ்வளவு ஆச்சு அண்ணே?"

"ரெண்டாயிரம் ஆச்சு தம்பி."

"கட்டணம் நூறு ரூபாய்தானே அண்ணே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூறா? பைல் செலவு, மேலிடத்துச் செலவுன்னு கணக்குச் சொன்னானே தம்பி!"

ஆம், நூறுதான். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. 2011-இல் வகுத்த விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு வணிகனுக்கு வைத்த பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அந்த விதிப்படி ஐந்தாண்டுக்கும் சேர்த்துக் கட்டினாலும் 500 ரூபாய். சட்டம் கேட்டது நூறு. தரகன் பறித்தது இரண்டாயிரம். நூறு, அரசின் கருவூலத்துக்குப் போயிற்று. மிச்சம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் எந்தக் கருவூலத்துக்குப் போயிற்று? அறியாமை என்னும் கருவூலத்துக்கு! அதன் சாவி தரகன் இடுப்பிலே!

"அப்படியானால் சட்டமே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை. ஒருநாளும் இல்லை. கலப்பட எண்ணெயை வாங்கி உண்டு வயிறு கெடுபவன் யார்? மாளிகையிலே இருப்பவனா? நூறு மில்லி எண்ணெயைச் சின்னக் குப்பியிலே வாங்கிப் போகும் கூலிக்காரன் மனைவி. தராசு தாழ்ந்தால் இழப்பு யாருக்கு? மூட்டை மூட்டையாய் வாங்குபவனுக்கா? கால் கிலோ வாங்குபவனுக்கு. ஆகவே முத்திரையிட்ட தராசும், முகவரி அச்சிட்ட புட்டியும் ஏழைக்குப் பாதுகாப்பு. சட்டம் நமக்கு வேண்டியது. ஆனால் சட்டத்துக்கும் நமக்கும் நடுவே நிற்கும் தரகன்? அவன் வேண்டாதவன். கோயிலிலே சாமிக்கும் மனிதனுக்கும் நடுவே இடைத்தரகன் எதற்கு என்று கேட்ட இயக்கம், கடைத்தெருவிலே சட்டத்துக்கும் கடைக்காரனுக்கும் நடுவே தரகன் எதற்கு என்று கேட்க வேண்டாமா?

கேட்டால் மட்டும் போதாது. தெரிந்து சொல்ல வேண்டும். அந்த அண்ணனுக்கு அன்று நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, தராசு. 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின் கீழ், மின்னணுத் தராசு ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். இரும்பு எடைக்கற்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை. தமிழ்நாட்டிலே இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. முத்திரையிட்ட சான்று கடையிலே கண்ணில் படும்படி இருக்கட்டும். தேதியை நாட்காட்டியிலே குறித்து வைத்தால் செலவு ஒரு பென்சில் கோடு. மறந்தால் செலவு அபராதம்.

இரண்டாவது, புட்டி. எண்ணெயை அடைத்து விற்றால் அதன் மேலே பொருளின் பெயர், தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, குறை சொல்ல ஒரு தொலைபேசி எண், உணவுப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். இதற்குப் பெரிய அச்சகம் வேண்டுமா? ஒட்டுத்தாள் போதும். கடைப் பெயர்ப்பலகையோ தமிழிலே இருக்க வேண்டும். பிற மொழி இருந்தால் தமிழுக்குக் கீழே. இது நம் உணர்ச்சி மட்டுமல்ல, தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் விதியும்கூட!

மூன்றாவது, வரி. இங்கேதான் அண்ணன் இரண்டாம் முறை ஏமாந்தார். "ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் கடையே நடத்தக் கூடாது" என்று மிரட்டி, அதற்கும் பதிவு செய்து கொடுத்திருந்தான் அதே தரகன். உண்மை என்ன? 2019 ஏப்ரல் முதல், சரக்கு மட்டும் விற்பவர், மாநிலத்துக்குள்ளேயே விற்பவர், ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவர் பதிவு செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. வேண்டாத பதிவை வாங்கித் தலையில் கட்டினான். பதிவு வந்ததும் கணக்குத் தாக்கல் வந்தது. விற்பனையே இல்லாத மாதத்திலும் "ஒன்றுமில்லை" என்று டில்லித் துரைத்தனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். ஒன்றுமில்லை என்பதைச் சொல்லாததற்கும் காசு! அந்த 'ஒன்றுமில்லை'யைச் செல்பேசிக் குறுஞ்செய்தியிலேயே அனுப்பலாம் என்று 2020 சூனிலேயே வழி செய்திருந்தார்கள். ஆனால் தரகனோ மாதாமாதம் கூலி வாங்கினான். தேவையில்லாத பதிவை முறைப்படி விண்ணப்பித்து நீக்கிக் கொள்ளலாம். விற்பனை வளர்ந்து, பதிவு கட்டாயமாகிவிட்டாலோ, ஒன்றரைக் கோடி வரை விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு 1 விழுக்காடு கட்டும் இணக்க வரித் திட்டம் இருக்கிறது. வரி கட்டுவது காலாண்டுக்கு ஒருமுறை, கணக்குத் தாக்கல் ஆண்டுக்கு ஒருமுறை.

நான்காவது, சிறுதொழில் பதிவு. 'உத்யம்' என்று வடமொழியிலே பெயர் வைத்து 2020 சூலை 1 முதல் நடப்பது. கட்டணம் எவ்வளவு தெரியுமா? சுழியம்! ஆம், இலவசம். இலவசத்துக்கும் காசு வாங்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். இந்தப் பதிவுக்குப் பயன் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி, சிறு உற்பத்தியாளனிடம் சரக்கு வாங்கிய பெரிய வியாபாரி 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தடித்தால் வங்கி வீதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி! பார்த்தீர்களா, சட்டம் சுமை மட்டுமல்ல, கேடயமும் ஆகும். ஆனால் சுமையைத் தூக்கி வைப்பவன் வீடு தேடி வருகிறான். கேடயத்தை எடுத்துக் கொடுப்பவன்தான் வருவதில்லை.

சட்டத்தை வகுத்தவர்களுக்காவது அது தெளிவாகத் தெரிந்ததா? தேங்காய் எண்ணெய் கதையைக் கேளுங்கள். சின்னப் புட்டியிலே அடைத்த தேங்காய் எண்ணெய், சமையலுக்கா, கூந்தலுக்கா? சமையல் எண்ணெய் என்றால் ஒரு வரி, தலைக்குத் தடவுவது என்றால் வேறு வரி. சேலத்துக் கலால் ஆணையர் தொடுத்த மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2018-இல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். 2024 டிசம்பர் 18 அன்றுதான் மூன்று நீதிபதிகள் கூடி, தலைக்கு என்று சொல்லி விற்காத வரையில் சின்னப் புட்டியானாலும் அது சமையல் எண்ணெயே என்று தீர்ப்பளித்தார்கள். அதுவரையில் சமையலுக்கு 5 விழுக்காடா, கூந்தலுக்கு 18 விழுக்காடா என்ற கத்தி தொங்கிக்கொண்டே இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தலைக்குத் தடவும் எண்ணெய்க்கும் 5 விழுக்காடு ஆக்கினார்கள். ஒரே வரியாக முதலிலேயே வைத்திருந்தால் இத்தனை வழக்கு எதற்கு? உச்ச நீதிமன்றம் வரை போக வசதி உள்ளவர்கள் போனார்கள். பட்டுக்கோட்டைச் செக்குக்காரர் எந்த மன்றத்துக்குப் போவார்?

கோவையிலே 2024 செப்டம்பரில் ஓர் உணவக உரிமையாளர், ஒன்றிய நிதியமைச்சர் முன்னாலேயே எழுந்து கேட்டார்: பன்னுக்கு வரி இல்லை, அதற்குள்ளே கிரீம் வைத்தால் 18 விழுக்காடு, இது என்ன கணக்கு? நாடே சிரித்தது. அடுத்து வந்ததோ, அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி! அதைப் படமெடுத்து உலவவும் விட்டார்கள். பெயர்பெற்ற உணவகத்துக்காரருக்கே அந்த நிலை என்றால், ஒற்றைச் செக்குக்காரர் வாய் திறப்பாரா?

இந்த மண் வாய் திறந்து பழகிய மண். பட்டுக்கோட்டை அழகிரி நடந்த மண். 1938 ஆகஸ்டு முதல் நாள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, ஊர் ஊராகத் தமிழ் முழக்கமிட்டு, செப்டம்பர் 11 அன்று சென்னை சேர்ந்த தமிழர் பெரும்படையிலே முன்னின்றவர் அவர். அன்று பள்ளிக்கூடத்திலே திணிக்கப்பட்ட மொழியை எதிர்த்து நடந்தார்கள். இன்று செக்குக்காரர் நிரப்ப வேண்டிய ஒன்றியப் படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். 1956-லேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த நாட்டிலே, தன் கடையைப் பற்றித் தான் எழுதிக் கொடுப்பதைத் தன்னாலேயே படிக்க முடியாத மனிதன்! தரகன் பிழைப்பது எதனாலே? அந்த மொழித் திரையினாலே! படிவத்தைத் தமிழிலே கொடு; பாதித் தரகன் மறுநாளே வேறு வேலை தேடுவான்.

அண்ணனிடம் நான் ஒன்றைக் கேட்காமல் வரவில்லை. "அண்ணே, செக்கடியில் நிற்கிற இருவருக்கும் உட்கார இடம் உண்டா?" 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர் அமர இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. நாள் முழுதும் நின்றே கால் வீங்கிய துணிக்கடைப் பெண்களின் வேதனையிலிருந்து பிறந்த சட்டம் அது. அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என் பயத்திலே அவங்க காலைப் பார்க்கலை தம்பி." நேர்மையான பேச்சு. தரகனுக்கு அஞ்சும் முதலாளி, தொழிலாளியின் காலைப் பார்ப்பதில்லை. தரகனுக்குக் கொட்டிக்கொடுத்த இரண்டாயிரத்திலே, நல்ல நாற்காலிகளே வாங்கியிருக்கலாம்!

தோழர்களே, இனி நம் வேலைக்கு வருவோம். ஒரு காலத்திலே நம் படிப்பகங்களிலும், தேநீர்க் கடைகளிலும், முடிதிருத்தும் நிலையங்களிலும் எழுத்தறிந்த ஒருவன் ஏட்டை உரக்கப் படிப்பான். எழுத்தறியாத இருபது பேர் கேட்பார்கள். அங்கேதான் இயக்கம் வளர்ந்தது. அதே படிப்பகத்திலே வாரத்துக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். படித்த தம்பி ஒருவன் செல்பேசியோடு உட்காரட்டும். பதிவுக் கட்டணம் இவ்வளவு, கடைசி நாள் இது என்று பலகையிலே சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைக்கட்டும். கட்டணம் மாறினால் பலகையும் அன்றே மாறட்டும். கடைக்காரர் தம் கையாலே, தம் செல்பேசியிலே, தாமே பணம் கட்டட்டும்; ரசீதும் கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கட்டும். கடைத்தெருவிலே கொடி கட்டுவதைக் காட்டிலும் கடினமான வேலை இது; ஆனால் கொடி நிலைப்பது இதனாலேதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கசப்பானாலும் சொல்லியாக வேண்டும். "மேலிடத்தில் எனக்கு ஆள் தெரியும்" என்று சொல்லிக் கடைக்காரரிடம் காசு வாங்குபவன் தோளிலே நம் துண்டு கிடந்தால், அவன் கழகத்தான் அல்லன், தரகன்! பிறரின் தரகைப் பழித்து நம் தரகை மறைத்தால், கேட்பவன் சிரிப்பான். சிரிப்பதற்கு அவனுக்கு உரிமை உண்டு.

பிறகொரு நாள் அந்தக் கடைக்குப் போனேன். தராசிலே புதிய முத்திரை. வேண்டாத வரிப் பதிவை நீக்க விண்ணப்பம் போட்ட நகல், அண்ணியார் கல்லாப் பெட்டியிலே. செக்கடியிலே இரண்டு நாற்காலிகள். எல்லாவற்றுக்கும் ஆன செலவைத் தமிழிலே, தம் கையாலேயே எழுதி வைத்திருந்தார் அண்ணன். அதிலே தரகு என்று ஒரு வரி இல்லை.

அந்தக் கணக்குத்தாள் ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும். அதுவரை படிப்பக விளக்கு அணையக் கூடாது!