சம்பளப் பட்டியல் ஏன் பூட்டிக்கொள்கிறது?

கம்ப்யூட்டர் துறையில் புனே நகருக்குத் தனி இடம் உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 1988-ல் இங்குதான் தொடங்கப்பட்டது. 1991-ல் 'பரம் 8000' என்ற சூப்பர் கம்ப்யூட்டரை உருவாக்கியது. அதன் சென்னைப் பிரிவு 2007-ல் 'பாஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டது. அதைத் தமிழிலும் பயன்படுத்தலாம்.

கிர்க்கியிலும் பிம்பிரியிலும் கணக்கு மேசையில் அமர்ந்திருக்கும் நம்மவர்கள் பலர். லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தொல்லை வருவதுண்டு.

மாதக் கடைசி. நேற்று மாலை தயாரித்த சம்பளப் பட்டியல் இன்று காலை திறக்கிறது. ஆனால் ஓர் எண்ணைத் திருத்திச் சேமிக்கப் போனால், 'அனுமதி இல்லை' என்கிறது!

வைரஸ் என்று பயப்பட வேண்டாம். காரணம் வேறு.

உரிமையாளர் யார்?

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. உரிமையாளர், குழுவினர், மற்றவர் என்ற மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்கத் தனித்தனி அனுமதி.

சகல அதிகாரமும் படைத்தவர் 'ரூட்' எனப்படும் நிர்வாகி. கட்டளைக்கு முன்னால் 'சூடோ' என்று சேர்த்தால், அந்தக் கட்டளை ரூட்டின் அதிகாரத்தில் நடக்கும். 1980-ஐ ஒட்டி, அமெரிக்காவில் பபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது இந்த ஏற்பாடு.

அதிகாரம் மாறும்போது பெயரும் மாறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சூடோ போட்டுப் புதிதாக உண்டாக்கிய கோப்பு ரூட்டின் பெயரில் பதிவாகிவிடும். குமாஸ்தா எழுதிய கடிதத்தில் மேலாளரின் முத்திரை விழுந்தது போலத்தான்! பிறகு குமாஸ்தா அதில் கை வைக்க முடியாது.

குறுக்கு வழி வேண்டாம்

சிலர் 'சி.எச்.மாட் 777' என்று அடித்துவிடுவார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. மூன்று தரப்புக்கும் முழு அனுமதி! அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் யாரும் உங்கள் பட்டியலில் சம்பளத்தை மாற்ற வழி பிறந்துவிடும்.

இன்னும் சிலர் கம்ப்யூட்டரிலுள்ள அத்தனை கோப்புகளையும் தங்கள் பெயருக்கு மாற்றிவிடுவார்கள். சூடோவே ரூட்டின் பெயரில் இருந்தால்தான் இயங்கும். அதன் பெயரும் மாறிவிட்டால், திருத்துவதற்கு இருந்த சாவியும் போய்விடும்.

எளிய பரிகாரம்

'எல்.எஸ். -எல்' என்று அடித்தால் உரிமையாளர் பெயர் தெரியும். அது ரூட் என்றிருந்தால், கோப்பு இருக்கும் உறை உங்களுடையதா என்று பாருங்கள். உங்களுடையதாக இருந்து, கோப்பைப் படிக்கவும் முடிந்தால், வேறு பெயரில் நகல் எடுங்கள். நகல் உங்கள் பெயரில் இருக்கும். சரிபார்த்தபின் பழையதை அழிக்கலாம். எழுதும் உரிமை கோப்பைப் பொறுத்தது. அழிக்கும் உரிமையோ உறையைப் பொறுத்தது.

படிக்கவும் முடியாவிட்டால், நிர்வாகியிடம் சொல்லி, 'சி.எச்.ஓன்' கட்டளையால் அந்த ஒரு கோப்பை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மென்பொருள் நிறுவவும் பழுது பார்க்கவும் சூடோ தேவை. கணக்கு எழுத உங்கள் சொந்தப் பெயரே போதும்.