தாங்கும் நகரங்கள் – 9: வெயிலுக்கு யார் பொறுப்பு?

2010 மே 21. அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. குஜராத்துக்கு வெயில் புதிதா என்று ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னாளில் ஆய்வாளர்கள் அந்த மே மாத இறப்புகளை முந்தைய, அடுத்த ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள்.

வெள்ளம் வந்தால் இடிந்த வீடு கண்ணில் படும். வெயிலில் சாகிறவரின் சான்றிதழிலோ பெரும்பாலும் மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு என்றுதான் இருக்கும். அதனாலேயே வெப்பத்தைத் தன் வேலையாக எந்தத் துறையும் நினைக்கவில்லை.

2013இல் அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகரின் இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம், அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான என்.ஆர்.டி.சி. ஆகியவற்றோடு சேர்ந்து வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே இதுதான் முதல். இதற்காகப் பெரிய கட்டுமானம் எதுவும் எழும்பவில்லை. எந்த வேலை, யாருடையது, எப்போது தொடங்கும் என்று எழுதிவைத்தார்கள். திட்ட மேலாண்மையின் உயிர்நாடியே அதுதான்.

வெப்பம் 41.1 டிகிரியைத் தொடும் என்று முன்னறிவிப்பு வந்தால் மஞ்சள் எச்சரிக்கை, 43.1க்கு ஆரஞ்சு, 45க்குச் சிவப்பு. எச்சரிக்கை விடும் பொறுப்பு ஒரே ஒரு ஒருங்கிணைப்பு அதிகாரிக்கு. அவரிடமிருந்து மருத்துவமனைகள், 108 சேவை, தொழிலாளர் துறை, பத்திரிகைகள் என்று தகவல் கிளை பிரியும். தகவல் போனதும் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தந்தத் துறைக்கு முன்பே தெரியும்.

கோடைக்கு முன்பே மருத்துவர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி. கோடையில் தண்ணீர்ப் பந்தல்களும் எச்சரிக்கைகளும். கோடை முடிந்ததும் எது நடந்தது, எது தவறியது என்று உட்கார்ந்து பேசித் திட்டத்தைத் திருத்துகிறார்கள். நம் அரசு அலுவலகங்கள் அடிக்கடி கைவிடுவது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். என்னைக் கேட்டால் மூன்றில் முக்கியமானதும் அதுவே.

நகரத்தின் ஒரு மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவு மொட்டைமாடிக்கு நேர் கீழே, மேல்தளத்தில் இருந்தது. குளிர்சாதன வசதி இல்லை. 2010 கோடைக்குப் பிறகு அதைக் கீழ்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சையில் சேர்க்கப்படும் பச்சிளங்குழந்தைகள் வெகுவாகக் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. கட்டில்களை இடம் மாற்றியதில் கிடைத்த பலன் இது!

செயல்திட்டத்தால் 2014, 2015 ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 1,190 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. இது மதிப்பீடுதான், பிழை வரம்பு பெரியது. ஆனால் அந்த வரம்பின் அடிமட்ட எண்ணும் நூற்றைத் தாண்டுகிறது.

அகமதாபாத்தைப் பார்த்துப் பல நகரங்களும் மாநிலங்களும் திட்டம் எழுதின. அவற்றில் 37 திட்டங்களை டெல்லியின் கொள்கை ஆய்வு மையம் 2023இல் ஆராய்ந்தது. பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பேசியவை 11 மட்டுமே. பணமும் பொறுப்பாளரும் இல்லாத திட்டம் அலமாரியில்தான் கிடக்கும்.

உங்கள் வார்டு உறுப்பினரைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நம் ஊருக்கு வெப்பச் செயல்திட்டம் இருக்கிறதா? இருந்தால், அதற்குப் பொறுப்பான அதிகாரி யார்? இதைப் பங்குனிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)