எல்.இ.டி. மின்னினால் போதாது!

நிகழ்நேர இயங்குதளத்தை ஒரு மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதை ‘போர்ட்’ செய்வது என்பார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற நிகழ்நேர இயங்குதளத்தில், சிப்புக்கேற்ப மாறும் பகுதிக்கும் மாறாத பகுதிக்கும் இடையிலான எல்லை தெளிவானது. டாஸ்க்ஸ்.சி, கியூ.சி, லிஸ்ட்.சி ஆகிய மையக் கோப்புகளில் எந்தச் சிப்புக்காகவும் கைவைக்க வேண்டாம். மாறுபவை போர்ட்.சி, போர்ட்மேக்ரோ.எச் இரண்டும்தான்; சில சிப்களுக்கு ஓர் அசெம்பிளி கோப்பும் சேரும்.

இவற்றின் பொறுப்பு நான்கு. புதிய டாஸ்க்கின் ஸ்டாக்கை, அது ஏற்கெனவே ஓடி நடுவில் நின்றதுபோல் அமைத்து வைப்பது. டாஸ்க் மாறும்போது ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்பது. நேரம் கணிக்க உதவும் டிக்கைச் சீராகத் தருவது. முக்கியமான கட்டங்களில் இன்டரப்டுகளைத் தடுப்பது.

சேமிக்கும் வேலை சிப்புக்குச் சிப்பு வேறுபடும். ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் 32 ரெஜிஸ்டர்களையும் நிலை ரெஜிஸ்டரையும் மென்பொருளே ஸ்டாக்கில் தள்ள வேண்டும். திரும்பும் முகவரியும் சேர்ந்தால் டாஸ்க் ஒன்றுக்கு 35 பைட். மொத்த ரேமோ 2 கிலோபைட்தான். கார்ட்டெக்ஸ்-எம்3 எட்டு ரெஜிஸ்டர்களைத் தானே சேமித்துவிடுகிறது. ஆர்4 முதல் ஆர்11 வரை உள்ளவற்றை மட்டும், டாஸ்க்கை மாற்றும் பெண்ட்எஸ்வி இன்டரப்ட் கவனிக்கிறது.

உண்மையான ஆபத்து நான்காவது பொறுப்பில் இருக்கிறது. கார்ட்டெக்ஸ்-எம்3இல் இன்டரப்ட் முன்னுரிமைக்கு எண் குறைந்தால் மதிப்பு கூடும். ஃப்ரீஆர்டிஓஎஸ் டாஸ்க்குகளுக்கோ எண் கூடினால்தான் மதிப்பு. போதாததற்கு, முன்னுரிமை பிட்கள் எட்டு பிட் ரெஜிஸ்டரின் மேல்முனையில் உட்காருகின்றன. நான்கு பிட் மட்டுமே உள்ள சிப்பில் 5 என்ற முன்னுரிமையை 0x50 என்று எழுத வேண்டும். வெறும் 5 என்று எழுதினால் கீழ் நான்கு பிட்களும் உதிர்ந்து பூஜ்யமாகும். எந்த முன்னுரிமையிலிருந்து இன்டரப்டுகளைத் தடுப்பது என்று சொல்லும் பேஸ்பிரை ரெஜிஸ்டரில் பூஜ்யம் என்றால் எதையும் தடுக்காதே என்று பொருள். பூட்டு போட்டதாகப் புரோகிராம் நம்பிக்கொண்டிருக்க, கதவு திறந்தே கிடக்கும். கார்ட்டெக்ஸ்-எம்0இலோ பேஸ்பிரையே கிடையாது. அங்கே எல்லா இன்டரப்டுகளையும் ஒருசேர நிறுத்துவதுதான் வழி. எம்3இல் தடையின்றி ஓடிய அவசர இன்டரப்டும் எம்0இல் காத்திருக்க நேரும்.

சிப் நிறுவனங்களின் கருவிகளே போர்ட்டைத் தயாராகத் தரும்போது இதெல்லாம் எதற்கு என்ற வாதமும் உண்டு. தயார் கோப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் இன்டரப்ட் முன்னுரிமைகளை நிர்ணயிப்பது பயனர் எழுதும் நிரல்தான். பழைய போர்டின் கான்ஃபிக் கோப்பை அப்படியே புதிய போர்டில் ஒட்டுவதில்தான் தவறு நுழைகிறது. முதல் சோதனையில் எல்.இ.டி. மின்னியதும் வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் டாஸ்க்கும் இன்டரப்டும் ஒரே பட்டியலை ஒரே நொடியில் தொட்டு அந்தத் தவறு வெளிப்படும் தருணம், சாதனம் களத்துக்குப் போன பிறகுகூட வரலாம்.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் கான்ஃபிக்அசெர்ட் சோதனையை இயக்கினால் பூஜ்ய முன்னுரிமை தொடக்கத்திலேயே பிடிபடும். ஸ்டாக் நிரம்பி வழிகிறதா என்று பார்க்கும் சோதனையின் இரண்டாம் முறை, ஸ்டாக்கின் கடைசி பைட்களில் முன்பே நிரப்பிய 0xA5 கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கும். சோதனைக் கட்டத்தில் இரண்டையும் இயக்கி, இன்டரப்டுகள் குவியும் சுமையில் ஓட்டிப் பார்க்காத போர்ட்டை முடிந்த போர்ட் என்று சொல்லக் கூடாது.