தீபாவளிக்கு முக்கால் சமையல்

முறுக்கு, மிக்சர், அதிரசம், மைசூர்பாகு, லேகியம். தீபாவளிப் பலகாரங்களில் பாதிக்கு மேல் நாலைந்து நாள் முன்னாலேயே செய்து டப்பாவில் போட்டு வைக்கத் தோதானவை. முறுக்கில் கொதிக்கும் எண்ணெய் தண்ணீரை விரட்டிவிடுகிறது. அதிரச மாவில் வெல்லப்பாகு தண்ணீரைக் கிருமிக்கு விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஃப்ரீசர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். அது தண்ணீரைக் கல்லாக்கி விடுகிறது. ஆகவே முறுக்கையும் மைசூர்பாகையும் ஃப்ரீசரில் திணித்து இடத்தை அடைக்க வேண்டாம். விடியற்காலையில் தலைமேல் வந்து விழுகிற மற்ற வேலைகளுக்குத்தான் அந்த இடம் வேண்டும்: இட்லி, கறிக்குழம்பு, சுழியம், மதியச் சாப்பாடு.

இதில் பலரும் செய்கிற தவறு, முழுக்கச் சமைத்து முடித்ததை உறைய வைப்பது. பண்டிகையன்று அதைச் சூடு பண்ணிப் பரிமாறினால் நேற்றைய சாப்பாடு போலத்தான் இருக்கும். முக்கால் வேலை முடிந்த இடத்தில் நிறுத்தி உறைய வையுங்கள். அரைத்துவிடுவது, தாளிப்பது, பொரிப்பது இந்த மூன்றும் அன்றைக்கே நடக்கட்டும். வாசனை பிறப்பது அங்கேதான்.

கறிக்குழம்பையே எடுத்துக்கொள்வோம். தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் இல்லாமல் பண்டிகை தொடங்காத வீடுகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. அன்று கறிக்கடை வரிசையில் இருட்டோடு போய் நிற்க வேண்டும். நல்ல கறி கிடைப்பது அதிர்ஷ்டம். நாலு நாள் முன்னதாக வாங்கினால் தொடைக்கறியா நெஞ்செலும்பா என்று பார்த்து வாங்கலாம். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மசாலாவோடு வதக்கி, வழக்கத்தைவிட ஒரு விசில் குறைவாக வையுங்கள். தேங்காய் அரைத்து ஊற்ற வேண்டாம், உருளைக்கிழங்கும் வேண்டாம். ஆறியதும் டப்பாவில் ஊற்றி, மேலே ஒரு விரல்கடை இடம் விட்டு மூடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். முட்ட முட்ட ஊற்றிய கண்ணாடி பாட்டில் வெடித்தே தீரும். மறுநாள் திறந்து பார்த்தால் கொழுப்பு மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும். அதை வழித்து எறியாதீர்கள். காற்றுப் பட்டுக் கறி காய்ந்துபோகாமல் காப்பது அந்தப் படலம்தான். தீபாவளியன்று கொதிக்கவிட்டு, தேங்காய் அரைத்து ஊற்றி, தாளித்தால் போதும். கறியில் மசாலா இன்னும் நன்றாக இறங்கியிருக்கும்.

இட்லிக்கு மாவை உறைய வைப்பதைவிட இட்லியையே உறைய வைப்பது மேல். உறைந்து இளகிய மாவு பழையபடி பொங்காது. வெந்து ஆறிய இட்லிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, கல்லானதும் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். காலையில் அப்படியே கொப்பரையில் வைத்துப் பத்து நிமிஷம் ஆவி காட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சுழியம் இந்த முறைக்கென்றே பிறந்த பலகாரம். கடலைப்பருப்பு குழையக் கூடாது, விரலால் அழுத்தினால் நசுங்கினால் போதும். வடித்து, மசித்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்து, பூரணம் வாணலியில் ஒட்டாமல் சுருளும்வரை கிளறுங்கள். எலுமிச்சை அளவு உருட்டித் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி உறைய வைத்து, பிறகு பைக்கு மாற்றலாம். பண்டிகையன்று எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். கல்லாகவே மாவில் தோய்த்துப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, மேல்மாவு எண்ணெய் குடிக்கும். ரொம்ப நேரம் வைத்துவிட்டாலோ உருண்டை வியர்த்து மாவு வழுக்கிக்கொண்டு போகும். வெளியே லேசாக இளகி, நடுவில் சில்லென்று இருக்கிற பதம்தான் சரி.

ஏன் தட்டில் பரப்ப வேண்டும்? மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து பண்டத்தின் செல்களைக் கிழிக்கின்றன. இளகும்போது சாறெல்லாம் ஓடிவிடும். வேகமாக உறைந்தால் படிகம் பொடியாக நின்றுவிடும். கனடாவின் லாப்ரடார் பகுதியில் 1910-களில் இருந்த அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, அங்குள்ள இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைவதையும், மாதங்கள் கழித்தும் ருசி மாறாததையும் கவனித்தார். அதிலிருந்து வந்த அவருடைய உறைய வைத்த உணவுகள் 1930-ல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் கடைக்கு வந்தன. நம் வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் கிடையாது. மெல்லிசாகப் பரப்புவதுதான் நம்மால் முடிந்த உபாயம். குழம்பைக்கூடப் பையில் ஊற்றிப் புத்தகம் போலத் தட்டையாகப் படுக்க வைக்கலாம்.

ஒத்துவராதவை சில உண்டு. உருளைக்கிழங்கு பஞ்சாகிவிடும், அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும், தயிர் சேர்த்ததெல்லாம் திரிந்து நிற்கும். உளுந்துவடை மாவு நுரைப்பு அடங்கிக் கல் மாதிரி வடை தரும். சேமியா பாயசத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். பாசிப்பருப்பும் வெல்லமும் சேர்த்துக் கிளறிய பாயச அடி நன்றாகவே தாங்கும். தேங்காய்ப்பாலை அன்று பிழிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் பெரும்பாலும் இரண்டாவது கணக்குத்தான் பொருந்தும். அகலமான பாத்திரத்துக்கு மாற்றித் தண்ணீரில் வைத்து ஆற்றுங்கள். இளக வைப்பதும் சமையல் மேடையில் அல்ல, முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். பையின் மேல் தேதி எழுதுவது கொஞ்சம் அலட்டலாகத் தெரியலாம். உறைந்த பிறகு பூரணமும் இஞ்சி பூண்டு விழுதும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"சாமிக்குப் படைக்கிறதை ஃப்ரீசர்லேர்ந்தா எடுப்பே?" என்று கேட்கும் மாமியார்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. படையலுக்கு வேண்டிய பத்துச் சுழியத்துக்கு மட்டும் அன்று காலை புதிதாகப் பூரணம் கிளறிவிட்டால் வீட்டில் அமைதி நிலவும்.

ஃப்ரீசரைவிடப் பெரிய கவலை கரண்ட். தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் நமக்குக் கைகோத்தே வருகின்றன. கதவைத் திறக்காமல் இருந்தால், நிரம்பிய தனி ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் குளிரைத் தாங்கும். பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அதில் வைப்பதானால் மூன்று நான்கு நாள் கணக்குப் போதும்.

ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்கள், கரண்ட் எவ்வளவு நேரம் போயிருந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டியதில்லை. கிளம்பும் முன் ஒரு கப்பில் தண்ணீர் உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு பனிக்கட்டியின் மேலேயே இருந்தால் கறிக்குழம்பை எடுத்து அடுப்பில் வைக்கலாம். காசு கப்பின் அடியில் உறைந்து கிடந்தால், எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். எத்தனை ரூபாய்க் கறியாக இருந்தாலும் அது குப்பைக்குத்தான்.